சரி என்ற சொல்லும் கோடு போட்ட கார்னேஷனும்

1

இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் அதிகம் பேசிய வார்த்தை ‘ஓகே’. விமான நிலையத்தில் அதிகாரி ஏதோ கேட்டார். ஓகே என்றேன். திரும்பவும் கேட்டார். கொஞ்சம் சத்தமாக ஓகே என்றேன். பெட்டியில் சாப்பாட்டுச் சாமான் என்னவெல்லாம் இருக்கிறது என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். பெட்டியைத் திறக்கச் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. அம்மா கட்டிக் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய் மேசைமேல் உட்கார்ந்திருக்க, வரிசையில் பின்னால் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

வேலையிலும் அதே கதைதான். திண்டுக்கல்லில் நர்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்த நான் இங்கே தாதி ஆனேன். வார்டில் மூத்த தாதி வேகமாக எதையாவது சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். பாதி புரிந்திருக்கும். மறுபடி கேட்க வெட்கமாக இருக்கும். ஓகே என்பேன். அப்படிச் சொல்லியே முதல் வருடத்தின் பாதி ஞாயிற்றுக்கிழமைகளை வேலைக்குக் கொடுத்துவிட்டேன். எல்லோரும் என்னைப் பிடிவாதமில்லாத பெண் என்று நினைத்தார்கள். வீட்டுக்கு ஃபோன் செய்தால் அம்மாவிடம் ஒரு மணி நேரம் சண்டை போடுகிற பெண் நான்.

இப்போது அதெல்லாம் மாறிவிட்டது. வீடு பூன் லேயில். கணவர் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். மகள் நிலா உயர்நிலை மூன்றில், அதாவது நம்மூர் ஒன்பதாம் வகுப்பில், படிக்கிறாள். நான் சுவா சூ காங்கில் ஒரு முதியோர் பகல் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். போன வாரம், நான் இந்த ஊருக்கு வந்த தேதி மறுபடி வந்து போனது. வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ரயிலில் போகும்போது ஸ்டெல்லா ஆன்ட்டியை நினைத்துக்கொண்டேன். கையில் ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வாழ்வது எப்படி என்பதை என்னைவிட அதிகமாக அறிந்தவர் அவர். ஊரில் இருக்கிற உங்களுக்கு அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம்.

2

முதலில் பூ எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நிலையத்தின் பொறுப்பாளர் சியூ லிங். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல பெண். பெரியவர்களுக்கு வாரம் ஒருநாள் கைக்கு வேலை கொடுக்கிற மாதிரி ஏதாவது செய்யலாம் என்று யோசித்தவர் என் பக்கம் திரும்பினார்.

“நீ இந்தியாக்காரி. பூவெல்லாம் உனக்குத் தெரியும்லா,” என்றார் ஆங்கிலத்தில்.

எனக்குத் தெரிந்த பூ தலையில் இருக்கும், சாமி படத்தில் இருக்கும். அப்பா எடை போட்டுக்கொண்டிருந்த திண்டுக்கல் பூ மார்க்கெட் கடையில் கிலோ கணக்கில் தராசில் இருக்கும். கண்ணாடிக் குவளையில் தனித்தனியாக நிற்கிற பூ எனக்குத் தெரியாது. ஆனாலும் பழக்க தோஷம், ஓகே என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு சமூக மன்றத்தில் நடந்த மலர் அலங்கார வகுப்புக்கு அனுப்பினார்.

ஆசிரியை மார்கரெட், ஐரோப்பிய ரத்தமும் ஆசிய ரத்தமும் கலந்த யுரேஷியப் பெண்மணி. தண்டை எப்படிச் சாய்வாக வெட்ட வேண்டும், உயரமானதை எங்கே வைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார். பூவுக்கும் பூவுக்கும் நடுவில் இடம் விடச் சொன்னார். எங்கள் ஊரில் சரத்தில் இடைவெளி தெரிந்தால் பூக்காரம்மா ஏமாற்றிவிட்டார் என்போம். இங்கே இடைவெளியும் அலங்காரத்தில் சேர்த்தி. அது கைக்கு வர எனக்கு நாளாயிற்று.

கடைசி வகுப்பில் அவர் விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தைப் பற்றிப் பேசினார். வசதியான வீட்டுப் பெண்கள் விருப்பத்தையோ கோபத்தையோ வாய்விட்டுச் சொல்வது மரியாதையில்லை என்று இருந்த காலம். அதனால் சின்னச் சின்னப் பூங்கொத்துகளாகக் கட்டி, ஓரத்தில் லேஸ் துணி சுற்றி அனுப்பிக்கொள்வார்களாம். எந்தப் பூவுக்கு என்ன பொருள் என்று புத்தகங்கள் அச்சாகி விற்றனவாம். பூவைத் தலைகீழாகக் கொடுத்தால் பொருளும் தலைகீழ். வலது கையால் கொடுத்தால் ஆம், இடது கையால் கொடுத்தால் இல்லை. இதில் வேடிக்கை, ஒரு புத்தகத்தில் நட்பு என்று போட்டிருந்த பூவுக்கு இன்னொரு புத்தகத்தில் பொறாமை என்று போட்டிருக்குமாம். எத்தனை கல்யாணம் நின்றதோ தெரியாது என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சொன்ன பொருள்களைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாம் பண்டிகைக்கு நிலைப்படியில் கட்டுகிற செண்டுமல்லி அவர்களுக்குத் துக்கம். துளசிச் சாதியில் ஒரு செடி, அதற்கு வெறுப்பு என்று பொருள். சம்பங்கி என்றால் ஆபத்தான இன்பம். வீட்டுக்கு வந்து கணவரிடம், நம் கல்யாண மாலை முழுக்கச் சம்பங்கிதானே என்றேன். அவர் சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “கரெக்டாத்தான் சொல்லிருக்காங்க,” என்றார்.

நிலா காதிலிருந்து ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றினாள். “அப்போ தாத்தாவோட மார்க்கெட் ஃபுல்லா சோகமும் வெறுப்பும்தானா மா? ஸோ டிரமாட்டிக்.”

அந்த வாரம் அவள் என்னிடம் தமிழில் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். பதில் சொல்வதற்குள் இயர்போன் திரும்பப் போய்விட்டது.

3

ஸ்டெல்லா ஆன்ட்டி இந்த ஊரில் பிறந்து வளர்ந்த தமிழர். அவருடைய கணவர் அருள்தாஸ் அங்கிளும் அப்படித்தான். டெலிஃபோன் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் நிலையத்திலிருந்து இரண்டு புளோக், அதாவது இரண்டு அடுக்குமாடிக் கட்டடம், தள்ளி வீடு. ஒரே மகன் கெவின் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் குடும்பத்தோடு இருக்கிறார்.

ஆன்ட்டிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. நாளாக நாளாகக் காலில் கொஞ்சம் பலம் வந்தது. பேச்சில் ஒரே வார்த்தை திரும்பி வந்தது: ‘சரி’.

காப்பி வேணுமா ஆன்ட்டி என்றால், சரி. டீயா என்றால், சரி. காப்பியைக் கையில் கொடுத்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டே, சரி, சரி. வலிக்குதா என்றாலும் சரிதான், வலிக்கலையா என்றாலும் சரிதான். தலையாட்டலையும் நம்ப முடியாது. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் அவருடைய தலை ஒரே மாதிரி ஆடியது. மூளையில் அடிபட்ட இடம் அப்படி, சொல்ல நினைப்பது ஒன்று, வருவது வேறு என்று பேச்சுப் பயிற்சியாளர் எங்களுக்கு விளக்கியிருந்தார். உள்ளே புத்தி தெளிவாக இருந்தது. கண்ணைப் பார்த்தால் தெரியும்.

தினமும் சாயங்காலம் அங்கிள் வந்து சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவார். சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருப்பார். மனைவியின் கைப்பையைக் கூச்சமில்லாமல் தோளில் மாட்டிக்கொள்வார். ஒருநாள் என்னிடம் சொன்னார்.

“வீட்ட வித்துட்டு பெர்த் போகப் போறோம்மா. கெவின் ரொம்ப நாளா கூப்பிடுறான். எனக்கும் முடியல. ராத்திரி இவளைத் தூக்கி உக்கார வைக்க முதுகு வர மாட்டேங்குது.”

“ஆன்ட்டிகிட்ட கேட்டீங்களா அங்கிள்?”

“கேட்டேனே. சரின்னு சொன்னா.”

நான் அவரையே பார்த்தேன். அவர் என் பார்வையைத் தவிர்த்து, நாற்காலியின் பிரேக்கை எடுத்தார்.

“எல்லாத்துக்கும் அதைத்தானே சொல்றாங்க அங்கிள்.”

“தெரியும்லா. இதுக்கு வேற மாதிரி சொன்னா. என் கையப் புடிச்சிக்கிட்டு சொன்னா.”

வீடு இருவர் பேரிலும் இருந்தது. வாங்குவதற்கு ஆள் கிடைத்துவிட்டது. வக்கீல் அலுவலகத்தில் அடுத்த திங்கட்கிழமை இருவரும் ஒப்புதல் சொல்ல வேண்டும். அங்கே ஒருவர் கேள்வி கேட்பார், ஆன்ட்டி ‘சரி’ என்பார், அது என்ன சொல் என்று அவர் விசாரித்தால் ‘ஓகே’ என்று மொழிபெயர்ப்பார்கள். விமான நிலையத்தில் என் ஊறுகாய் மட்டும்தான் போனது. இங்கே போகப்போவது ஒருவர் வாழ்ந்த வீடு. ஆனால் அவர்கள் குடும்ப விஷயத்தில் நான் அதற்கு மேல் எதைச் சொல்வது?

4

எங்கள் பூ வகுப்பு வியாழக்கிழமை. புதன் மாலை நான் லிட்டில் இந்தியா போய்த் தேக்கா மார்க்கெட் பக்கத்தில் பூ வாங்கிவந்து, வாளித் தண்ணீரில் போட்டு வைப்பேன். கார்னேஷன் மலிவு, வாடாமலும் இருக்கும். சிவப்பு, வெள்ளை, வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டது என்று கலந்து கட்டியிருப்பார்கள்.

ஆன்ட்டி இடது கையால்தான் எல்லாம் செய்வார். ஆனால் தண்டை அவர் பிடிக்கிற விதமே வேறாக இருந்தது. மற்றவர்கள் பூவைக் குவளையில் போடுவார்கள், இவர் நிறுத்துவார். சில வாரமாகவே அவர் கோடு போட்ட பூவைத்தான் தேடி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருப்பவர் வாளியில் கை விட்டும் எடுப்பார். சாயங்காலம் அங்கிள் வந்ததும் அதில் ஒன்றை நீட்டுவார். அங்கிள் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, “தேங்க்யூ டார்லிங்,” என்று தள்ளிக்கொண்டு போவார். நிறம் பிடித்திருக்கிறது போல என்று நான் நினைத்திருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய வியாழன், ஆன்ட்டி அலங்காரமே செய்யவில்லை. அறையில் இருந்த கோடு போட்ட கார்னேஷன் அத்தனையையும் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலிச் சீனப் பாட்டி திருமதி கோ தன் பூவைத் தர மறுத்தபோது சின்னதாக ஒரு சண்டையே நடந்தது. அங்கிள் வந்தவுடன் ஆன்ட்டி முழுக் கொத்தையும் அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினார். அவர் வாங்கிக்கொண்ட பிறகும் கையை எடுக்கவில்லை.

அங்கிள் சிரித்துக்கொண்டே குனிந்து பூவைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“என்ன அங்கிள்?”

“இவ நோ சொல்றாம்மா,” என்றார்.

அப்புறம்தான் அந்தக் கதையைச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் ஆன்ட்டி ஆர்ச்சர்ட் ரோடு பக்கம் ஒரு பூக்கடையில் வேலை பார்த்தவர். முதலாளி ஒரு வெள்ளைக்கார அம்மாள். பழைய இங்கிலாந்து வழக்கத்தையெல்லாம் கடைப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்தக் கடைக்கு ஃபோன் பழுது பார்க்கப் போன அங்கிள், பழுதில்லாத நாட்களிலும் போக ஆரம்பித்தார். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, சினிமாவுக்கு வருவாயா என்று கேட்டார். ஆன்ட்டி பதிலுக்கு ஒரு கோடு போட்ட கார்னேஷனை எடுத்துக் கொடுத்தார்.

“நான் ஒரு மடையன். பூ ரொம்ப அழகா இருக்குன்னு பாக்கெட்ல குத்திக்கிட்டு ஆபீஸ் முழுக்கச் சுத்தினேன். அப்புறம் அவளோட சிநேகிதி சொன்னா, அதுக்கு அர்த்தம் முடியாதுன்னு. கோடு போட்டது நோ. ஒரே கலர்ல இருந்தா எஸ்.” தன் மடியிலிருந்த கொத்தைப் பார்த்தார். “ஒரு வருஷம் ஆச்சு, சிவப்பு வாங்குறதுக்கு.”

நான் அந்தக் கொத்தை வாங்கித் திரும்ப ஆன்ட்டியின் மடியில் வைத்து, வாளியிலிருந்து சிவப்புப் பூக்கள் சிலவற்றையும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். சியூ லிங்கும் வந்து நின்றுகொண்டார்.

“ஸ்டெல்லா, என் பேரு அருளா?”

ஆன்ட்டி அவரை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சிவப்பை எடுத்து அவர் மேல் போட்டார்.

“நான் டாக்டரா?”

கோடு.

அங்கிள் நாற்காலியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டார். “பெர்த் போய் கெவின்கூட இருந்துடலாமா?”

“சரி, சரி,” என்றது வாய். கை கோடு போட்ட பூவை எடுத்து நீட்டியது.

“வீட்ட விக்கட்டுமா?”

“சரி.” மறுபடியும் கோடு.

தமிழ் தெரியாத திருமதி கோகூட என்னவென்று புரிந்தவர்போல உட்கார்ந்திருந்தார். அங்கிள் கடைசியாக ஒன்று கேட்டார், மிகவும் மெல்ல.

“என்மேல கோவமா இருக்கியா?”

ஆன்ட்டி யோசிக்கவே இல்லை. மடியிலிருந்த சிவப்புப் பூ எல்லாவற்றையும் ஒரே பிடியாக அள்ளிக் கொடுத்தார்.

அங்கிள் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

5

பேச்சுப் பயிற்சியாளர் நிதானமான பெண். உடனே நம்பிவிடவில்லை. வெவ்வேறு நாளில் வெவ்வேறு கேள்விகளோடு அவரே சோதித்துப் பார்த்தார். ஆன்ட்டி சிலவற்றில் தவறினார். உங்களுக்கு மகள் இருக்கிறாளா என்றதற்கு ஒருமுறை சிவப்பைக் கொடுத்தார். பாதி நாள் சோர்வில் எதையும் எடுக்கவில்லை. ஆனால் பெர்த் என்ற கேள்விக்கு எந்த நாளிலும் கை மாறவில்லை. வக்கீல் அலுவலகத்துக்கு அங்கிளே ஃபோன் செய்து தள்ளி வைக்கச் சொன்னார். பிறகு தள்ளி வைத்ததையும் வேண்டாம் என்றார். வாங்க வந்தவர்களுக்கும் முகவருக்கும் ஏகப்பட்ட வருத்தம். விளக்கம் கேட்டு மின்னஞ்சல்கள் வந்தன. காரணம் என்ற இடத்தில் அங்கிள் என்ன எழுதினாரோ, நான் கேட்கவில்லை.

கெவின் வீடியோவில் கத்தியதை நானே கேட்டேன். “பா, இட்ஸ் அ ஃபிளவர். நான் கூகிள்ல பார்த்தேன். லெஃப்ட் ஹேண்ட்ல குடுத்தா நோவாம். அம்மாவுக்கு லெஃப்ட் ஹேண்ட் மட்டும்தான் வேலை செய்யுது. அப்போ எல்லாமே நோவா?”

“அப்படியும் இருக்கலாம்டா,” என்றார் அங்கிள். “நான் இதுவரைக்கும் கேக்கவே இல்லையே.”

கெவின் புறப்பட்டு வந்தார். கெட்ட பிள்ளை இல்லை. அம்மாவுக்காக வீட்டில் ஓர் அறையை, குளியலறையோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தவர். அந்தப் படங்களை ஃபோனில் எனக்குக் காட்டினார். கைப்பிடிகள்கூட ஆன்ட்டியின் உயரத்துக்குப் பொருத்தியிருந்தார். பிறகு அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, பூக்களைத் தானே அடுக்கினார். அவருடைய தமிழ் ரொம்ப நாள் திறக்காத அலமாரிக் கதவு மாதிரி சிக்கிச் சிக்கித் திறந்தது.

“அம்மா, என்கூட வர... விருப்பம் இல்லையா?”

ஆன்ட்டியின் கை இரண்டு பூவுக்கும் நடுவில் நின்றது.

“நேராக் கேளுடா,” என்றார் அங்கிள் பின்னாலிருந்து. “இல்லையான்னு கேட்டா அவ எதை எடுக்கிறது?”

“அம்மா, வர்றீங்களா?”

ஆன்ட்டி அவர் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கோடு போட்ட பூவை எடுத்தார். அதை நீட்டாமல் அவருடைய உள்ளங்கையைத் திறந்து, அதில் வைத்து மூடினார். நாற்பது வயதைத் தாண்டிய மனிதர், சின்னப் பிள்ளைபோல உதடு பிதுங்கி அழத் தொடங்கினார். ஆன்ட்டி இடது கையால் அவர் தலையை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். முதுகில் தட்டினார்.

“சரி, சரி, சரி,” என்றார்.

அழுகிற பிள்ளையை நாம் எல்லோரும் அப்படித்தானே தேற்றுகிறோம்? அந்த நேரத்தில் சொல்வதற்கு அதைத் தவிர வேறு வார்த்தை தமிழில் இல்லை. பேச்சு போன நாளிலிருந்து அவர் சொன்ன சரிகளில் மனசும் வாயும் சேர்ந்து சொன்னது அதுவாகத்தான் இருக்கும்.

இதில் யாருக்கும் எல்லாமும் கிடைத்துவிடவில்லை. அங்கிளுக்குப் பெர்த் போக உண்மையிலேயே ஆசை இருந்தது. பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர் முதுகு இன்னும் வலிக்கிறது. வீட்டில் இப்போது மியன்மாரிலிருந்து வந்த ஒரு பணிப்பெண் இருக்கிறார். அவருக்கான அனுமதி வாங்க அங்கிள் அலைந்த அலைச்சலைத் தனியாக எழுதலாம். கெவின் வாரம் ஒருமுறை கூப்பிட்டு, அம்மாவிடம் நேரான கேள்வியாகக் கேட்கப் பழகிக்கொண்டார்.

பள்ளி விடுமுறை வந்தபோது அங்கிள் தான் மட்டும் பெர்த் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாமா என்று கேட்கப் பூவோடு உட்கார்ந்திருக்கிறார். ஆன்ட்டி பூவைத் தள்ளிவிட்டுத் தடியை ஊன்றி எழுந்து, அலமாரியிலிருந்து அவருடைய கம்பளிச் சட்டையை இழுத்துப் பெட்டிமேல் போட்டாராம். அங்கே அப்போது குளிர்காலம்.

அங்கிள் பெர்த் போன பிறகு வந்த முதல் வியாழக்கிழமை, பணிப்பெண் ஆன்ட்டியை அழைத்துவந்தார். அன்று எனக்குத் தேக்காவில் நல்ல ஆர்க்கிட் கிடைத்திருந்தது. மருக்கொழுந்தும் ஒரு கட்டு வாங்கியிருந்தேன். ஆன்ட்டி வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கார்னேஷனில் சிவப்பும் எடுத்தார், கோடு போட்டதும் எடுத்தார். ஆர்க்கிட்டை உயரமாக நிறுத்தி, மருக்கொழுந்தைக் குவளையின் விளிம்பில் சரிய விட்டார். ஒன்றை எடுப்பார், தலையைச் சாய்த்துப் பார்ப்பார், இடம் மாற்றுவார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை.

நான் அதைப் படமெடுத்து நிலாவுக்கு அனுப்பினேன். அதிசயமாக உடனே பதில் வந்தது. இதுக்கு என்ன மீனிங் மா என்று கேட்டிருந்தாள், தமிழ் எழுத்தில்.

ஆன்ட்டியிடமே கேட்டேன். “ஆன்ட்டி, இதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?”

அவர் தன் மடியில் உதிர்ந்திருந்த இலைகளைத் தட்டிவிட்டு, குவளையைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். சாப்பாட்டுத் தட்டைக் காட்டினார்.

அர்த்தம் எதுவும் இல்லை, அழகாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று நிலாவுக்கு எழுதினேன்.